ஜப்பானில் ஏன் அதிகம் பேர் இறக்கிறார்கள்?

ஜப்பானில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 13 பேர் இறக்கின்றனர். வங்காளதேசத்தில் அந்த எண்ணிக்கை 6-ஐ ஒட்டியே நிற்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், நீண்டநாள் வாழ விரும்பினால் டோக்கியோவை விட்டு டாக்காவுக்குக் குடிபெயரச் சொல்வார். ஆனால் சராசரி ஆயுட்காலம் ஜப்பானில் ஏறக்குறைய 84 ஆண்டுகள். வங்காளதேசத்தில் அதைவிடச் சுமார் பத்தாண்டு குறைவு.

இரண்டு கணக்கும் சரிதான். வேறுபடுவது, அந்த ஆயிரம் பேர் யார் என்பது. ஜப்பானின் ஆயிரத்தில் சுமார் 290 பேர் 65 வயதைக் கடந்தவர்கள்; வங்காளதேசத்தின் ஆயிரத்தில் அத்தகையோர் 60 பேர் அளவே. ஜப்பானிய முதியோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 4 பேர் இறக்கிறார்கள் என்பதால், அவர்களிடமிருந்து மட்டுமே ஆயிரத்துக்கு 11 அல்லது 12 இறப்புகள் வந்துவிடுகின்றன. இதே 4 விழுக்காட்டை வங்காளதேசத்தின் 60 முதியோருக்குப் பொருத்தினால் கிடைப்பது 2.4 இறப்புகள்தான். குழந்தைகளும் இளைஞர்களும் நிறைந்த நாட்டில், மருத்துவ வசதி குறைவாக இருந்தாலும் மொத்த இறப்பு விகிதம் தாழ்வாகவே தெரியும்.

இந்த மயக்கத்தைத் தவிர்க்க மக்கள்தொகை ஆய்வாளர்கள் எளிய உத்தி ஒன்றைக் கையாள்கின்றனர். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வயதுப் பிரிவின் இறப்பு விகிதத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றை இரு நாடுகளுக்கும் பொதுவான ஒரே வயதமைப்பின் மீது பொருத்திக் கூட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு மாதிரி மக்கள்தொகையை வகுத்திருக்கிறது. அவ்வாறு செய்ததும் வரிசை தலைகீழாகி, ஜப்பான் உலகிலேயே மிகக் குறைந்த இறப்பு விகிதமுள்ள நாடுகளுள் ஒன்றாகிவிடுகிறது. கைக்குழந்தை இறப்பு விகிதத்துக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. அங்கே ஒப்பிடப்படுவோர் அனைவரும் ஒரே வயதினர் என்பதால், எனக்கு அதன் மீதே நம்பிக்கை அதிகம்.

பொருளாதாரத்திலும் வகுக்கும் எண் இதே வேலையைச் செய்கிறது. ஜப்பானில் 15 முதல் 64 வயது வரையிலானோர் 1995-இல் சுமார் 8.7 கோடியாக இருந்து, இப்போது 7.4 கோடி அளவுக்குச் சுருங்கியுள்ளனர். தேக்கமடைந்த நாடு என்று பெயரெடுத்த ஜப்பானின் உற்பத்தியை, மொத்தமாகப் பார்க்காமல் உழைக்கும் வயதினர் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், அதன் வளர்ச்சி அமெரிக்காவோடு ஒப்பிடத்தக்கதாகவே இருந்து வந்திருக்கிறது.

அளவுகோலாக எடுக்கும் நாணயமும் ஏமாற்றக்கூடும். 2023-இல் ஜெர்மனி ஜப்பானை முந்தி மூன்றாவது பெரிய பொருளாதாரமானது என்று செய்திகள் வந்தன. அந்த ஆண்டில் யென் கணக்கில் ஜப்பானின் உற்பத்தி மதிப்பு உயர்ந்தே இருந்தது. ஆனால் 2021-இல் டாலருக்குச் சுமார் 110 யென்னாக இருந்த மாற்று விகிதம் 2023-இல் சராசரியாக 140-ஐ எட்டியதால், டாலரில் அது சிறுத்துப்போனது. ஒசாகாவில் நூடுல்ஸ் வாங்குபவர் யென்னில்தான் விலை கொடுக்கிறார். ஆகவேதான், ஒரே வகைப் பொருள்கள் அந்தந்த ஊரில் என்ன விலைக்கு விற்கின்றன என்று பார்த்துக் கணக்கிடும் வாங்கும் சக்திச் சமநிலை முறையில், அதே ஆண்டிலும் ஜப்பான் ஜெர்மனிக்கு மேலேயே நின்றது.