ஒரே ஒரு வரி: ஊர்ச் சட்டங்களை சிகரெட் லாபி பூட்டுன கதை

ஒஹையோல இருக்கற ஒரு வாசகர் கேட்ருந்தார். "எங்க கொலம்பஸ் சிட்டி கவுன்சில் மென்தால் சிகரெட், பழ ஃப்ளேவர் வேப் (இ-சிகரெட்) எதுவும் விக்கக்கூடாதுன்னு 2022 டிசம்பர்ல சட்டம் போட்டுது, 2024 ஜனவரி 1ல அது அமலுக்கும் வந்துருச்சு, அதே மாசம் மாநில சட்டசபை கவர்னரோட வீட்டோவையும் மீறி 'புகையிலை விஷயத்துல எந்த ஊரும் தனியா சட்டம் போடக்கூடாது'ன்னு முடிச்சுட்டாங்க. ஒரு ஊர் கண்டிப்பா இருந்துட்டுப் போனா இவங்களுக்கு என்ன வந்துது?"

நல்ல கேள்வி. இதுக்கு ப்ரீஎம்ப்ஷன்னு பேரு. மேல இருக்கற அரசாங்கம் ஒரு விஷயத்தை "இது என் ஏரியா"ன்னு எழுதிட்டா கீழ இருக்கற கவுன்டி (மாவட்டம் மாதிரி), சிட்டி எல்லாம் வாயை மூடிக்கணும். ஒஹையோல மட்டும் ஒரு சின்ன சிக்கல், அங்க 1912லயே ஊர்களுக்குத் தனி அதிகாரம் தர்ற மாதிரி அரசியல் சட்டத்தைத் திருத்தி வச்சிருக்காங்க, அதை வச்சு ஊர்கள் கேஸ் போட, 2024ல கோர்ட் மாநிலம் போட்ட அந்தப் பூட்டைத் தடுத்துருச்சு. எல்லா மாநிலத்துலயும் இந்த பாதுகாப்பு இதே அளவுக்குக் கிடையாது.

சிகரெட் கேன்சர் தரும்னு எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. கம்பெனிகளை நிஜமா ஆட்டுனது பக்கத்துல உக்காந்திருக்கறவன் மூக்குல போற புகைதான். 1981ல ஜப்பான்ல ஹிரயாமான்னு ஒரு ஆராய்ச்சியாளர், புகைக்காத பொண்டாட்டிகளுக்கு நுரையீரல் கேன்சர் வர்ற வாய்ப்பு புருஷன் எவ்ளோ புகைக்கறானோ அதுக்கேத்த மாதிரி ஏறுதுன்னு காட்டுனார். 1986ல அமெரிக்க அரசோட தலைமை சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலோட அறிக்கையும் அதையே சொல்லுச்சு, 1993ல அவங்க சுற்றுச்சூழல் ஏஜென்சி இந்தப் புகையை மனுஷனுக்குக் கேன்சர் தர்ற பொருள்னே வகைப்படுத்துச்சு. "என் உடம்பு, என் இஷ்டம்"ங்கற வாதம் அத்தோட படுத்துருச்சு. ஊர் ஊரா ஓட்டல்ல, ஆபீஸ்ல புகைக்கத் தடை வர ஆரம்பிச்சுது.

இப்ப லாபிக்காரன், அதாவது கம்பெனிக்காக சட்டம் போடறவங்களை வளைக்கற ஆள், எடத்துலேருந்து யோசிங்க. மாநிலத் தலைநகரம் ஒண்ணு, அங்க யாரைப் பாக்கணும், எந்தக் கமிட்டி, யாரோட தேர்தல் செலவுக்குக் காசு குடுக்கணும் எல்லாம் அத்துப்படி. ஆனா ஊர்க் கவுன்சில்கள் நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஆள் அனுப்பி முடியுமா? அனுப்புனாலும் ஜெயிக்க முடியாது. மேரிலேண்ட்ல செனட்டரா இருந்து அப்புறம் சிகரெட் கம்பெனிகளோட சங்கமான டுபாக்கோ இன்ஸ்டிட்யூட்டுக்கு லாபி பண்ண விக்டர் க்ராஃபோர்டு, தொண்டைல கேன்சர் வந்தப்புறம் 1995ல ஒரு மருத்துவ இதழுக்குக் குடுத்த பேட்டில இதை அப்படியே போட்டு உடைச்சார். ஊர் மட்டத்துல எங்களால ஜெயிக்கவே முடியாது, தடை கேக்கறவங்க மேயருக்குப் பக்கத்து வீடா இருப்பாங்க, கவுன்சிலர் அவங்க மச்சானா இருப்பார், வெளியூர்லேருந்து வந்த நான் யாரு அவங்களுக்கு, அதனால எங்க முதல் வேலையே ப்ரீஎம்ப்ஷன்தான்னார். அடுத்த வருஷம் இறந்துட்டார்.

இந்த டெக்னிக்கோட அழகு (அழகுன்னு சொல்லக் கூச்சமாதான் இருக்கு, ஆனா வேலைப்பாடு அப்படி) என்னன்னா அது எதிர்ப்பு மாதிரியே தெரியாது. "புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்"னு நல்ல பேரா வச்சு ஒரு மசோதா வரும். உள்ள பாத்தா ஓட்டல்ல தனிப் பகுதி ஒதுக்கணும், பசங்களுக்கு விக்கக்கூடாது, போர்டு வைக்கணும்னு யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாத நாலு விஷயம் இருக்கும். கடைசில எங்கயோ ஒரு வரி: இந்தச் சட்டம் இதுக்கு முன்னாடி போட்ட, இனிமே போடப்போற எல்லா ஊர்ச் சட்டத்தையும் செல்லாததாக்கும். எதிர்த்து ஓட்டுப் போட்டா "குழந்தைகளைக் காப்பாத்த மாட்டேங்கறியா"ன்னு கேப்பாங்க, ஆதரிச்சா ஊர்ச் சட்டம் காலி. சுகாதார அமைப்புகள்லயே "கெடைச்சதை வாங்கிக்கலாம்"னு ஒரு கோஷ்டி, "வேணவே வேணாம்"னு ஒரு கோஷ்டின்னு பிரிஞ்சு அடிச்சுக்குவாங்க. லாபிக்கு அது போனஸ்.

கலிஃபோர்னியால 1994ல இதை நேரா மக்கள் ஓட்டுக்கே கொண்டுபோனாங்க, ப்ரொபோசிஷன் 188. மாநிலம் முழுக்க புகைபிடிக்கக் கட்டுப்பாடுங்கற மாதிரி விளம்பரம். பின்னாடி முக்கியமா பணம் போட்டது ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி, நிறைவேறியிருந்தா கண்டிப்பான ஊர்ச் சட்டங்களும் மாநிலம் அதே வருஷம் போட்டிருந்த புகைத் தடைச் சட்டமும் சேர்ந்து போயிருக்கும். விஷயம் வெளிய வந்ததும் 100ல 70 பேர் வேண்டாம்னு குத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி 1987ல பெவர்லி ஹில்ஸ்ல ஓட்டல்ல புகைக்கத் தடை வந்தப்ப திடீர்னு ஒரு ஓட்டல்காரர் சங்கம் முளைச்சுது, வியாபாரம் 30 சதவீதம் விழுந்துருச்சுன்னு கத்துச்சு, கவுன்சிலும் பயந்து தடையைத் தளர்த்திருச்சு. அப்புறம் விற்பனை வரிக் கணக்கை எடுத்துப் பாத்தா வியாபாரம் அப்படி எதுவும் விழவே இல்ல. சங்கத்தை உருவாக்குனதே புகையிலைக் கம்பெனிங்கதான்னு அதோட தலைவராவே இருந்தவர் பின்னாடி சொல்லிட்டார்.

இதெல்லாம் அரசியல். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச, பொதுவா யாரும் பேசாத ஒரு அறிவியல் விஷயம் இருக்கு. ப்ரீஎம்ப்ஷன் சட்டத்தோட சேர்த்து பரிசோதனையையும் கொல்லுது. மருந்தை டெஸ்ட் பண்ண பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைன்னு குடுப்பாங்க இல்லையா, ஊர்ச் சட்டம் அதை இயற்கையாவே செஞ்சு குடுக்குது, தடை இருக்கற ஊர் ஒண்ணு, இல்லாத பக்கத்து ஊர் ஒண்ணு.

மொன்டானால ஹெலினான்னு ஒரு சின்ன ஊர். 2002 ஜூன்ல பார், ஆபீஸ் எல்லாத்துலயும் புகைக்கத் தடை. அந்த வட்டாரத்துக்கே ஹார்ட் அட்டாக் பாக்கறது ஒரே ஆஸ்பத்திரி, அதனால கணக்கு எங்கயும் சிதறல. வழக்கமா அந்த ஆறு மாசத்துல சராசரியா 40 பேர் அட்மிட் ஆவாங்க, தடை இருந்தப்ப 24. ஊருக்கு வெளிய இருந்து வந்தவங்க எண்ணிக்கை குறையவே இல்ல. டிசம்பர்ல கோர்ட் தடையை நிறுத்தி வச்சுது, அடுத்த வருஷம் எண்ணிக்கை பழையபடி ஏறிருச்சு. தடை இருந்தா இறங்குது, எடுத்தா ஏறுது, பக்கத்துல மாறல, காசு குடுத்தாலும் இப்படி ஒரு டிசைன் கெடைக்காது!

இவ்ளோ சீக்கிரம் எப்படி குறையும்னு கேப்பீங்க. கேன்சர் வர வருஷக்கணக்காகும், இதயம் அப்படி இல்ல. அடுத்தவன் புகையை அரை மணி நேரம் இழுத்தாலே ரத்தத்தை உறைய வைக்கற தட்டணுக்களோட ஒட்டும் தன்மை ஏறிடுது, ரத்தக்குழாயோட உள் சுவர் சரியா விரிய மாட்டேங்குது, ஏற்கனவே அடைப்பு இருக்கறவருக்கு அன்னிக்கே அட்டாக் வர அது போதும். ஹெலினா சின்ன எண்ணிக்கைங்கறது உண்மை, பெரிய ஊர்கள்ல பண்ண ஆய்வுகள்ல குறைவு இவ்ளோ இல்ல, ஆனா திசை ஒண்ணுதான், 2009ல அமெரிக்காவோட இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அமைச்ச நிபுணர் குழுவும் தடை ஹார்ட் அட்டாக்கைக் குறைக்குதுன்னே முடிவு பண்ணுச்சு. மாநிலம் முழுக்க ஒரே தளர்ந்த சட்டம் இருந்திருந்தா ஹெலினாவும் இல்ல, ஒப்பிட பக்கத்து ஊரும் இல்ல, "ஆதாரம் எங்க?"ன்னு அவங்களே கேட்டுட்டு இருந்திருப்பாங்க.

ஆராய்ச்சிக்கு யார் காசுங்கறதுல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், காரணம் 1998ல வந்த ஒரு கணக்கெடுப்பு. அடுத்தவர் புகை பத்தின 106 ரிவ்யூ கட்டுரைகளை (ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசற கட்டுரைகள்) எடுத்துப் பாத்தாங்க, 39 கட்டுரை "தீங்கு இல்ல"ன்னுது, அந்த 39ல 29 எழுதுனவங்களுக்கு புகையிலைக் கம்பெனித் தொடர்பு இருந்துது. அரசுப் பணத்துல நடக்கற ஆராய்ச்சியைச் செலவுன்னு பாக்கறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை பாத்துடணும்.

பூட்டு ஒரு தடவை விழுந்தா எடுக்கறது கஷ்டம், ஆனா எடுத்திருக்காங்க. பொது இடப் புகைத் தடைல இப்படி ஊர்களைப் பூட்டி வச்ச மாநிலங்கள் 2004 கடைசில 19, 2009 கடைசில 12. அப்புறம் வேப்பும் ஃப்ளேவரும் வந்து ஆட்டம் விற்பனைச் சட்டங்கள் பக்கம் போயிருச்சு. 2021ல ஃப்ளோரிடா புகையிலை வாங்கற வயசை 21ஆ ஏத்துச்சு, எல்லாரும் பாராட்டற விஷயம், அந்த மசோதாவுக்குள்ளயே புகையிலை விற்பனை பத்தி இனிமே எந்த ஊரும் தனியா சட்டம் போட முடியாதுங்கற வரியும் இருந்துது.