மேஜிக் ஆட்டத்தின் சண்டைக் கட்டம்: எந்தச் செயலுக்கு எந்தத் தருணம்

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தின் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றுகிறேன். மேசையிலிருந்து கை உயர்த்தி அழைக்கும் ஆட்டக்காரர்களில் பலருக்கு, தங்கள் கார்டு என்ன செய்யும் என்பதில் ஐயமே இருப்பதில்லை. அந்தக் கார்டு எந்த நொடியில் ஆடப்பட்டது என்பதில்தான் இருவரும் முரண்படுகிறார்கள். இந்த முரண்பாடு மிகுதியாக எழுவது சண்டைக் கட்டத்தில். "தாக்குகிறேன்" என்று ஒரே சொல்லில் அறிவித்துவிடுவதால் சண்டை ஒரே செயல் என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடுகிறது. விதிப்புத்தகமோ அதனைச் சண்டைத் தொடக்கம், தாக்குவோர் அறிவிப்பு, தடுப்போர் அறிவிப்பு, சேதம், சண்டை முடிவு என ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு படியிலும் இரு ஆட்டக்காரர்களுக்கும் செயல்படும் வாய்ப்பு உண்டு.

அந்த வாய்ப்பைத்தான் பிரியாரிட்டி என்கிறோம். யாருடைய முறை நடக்கிறதோ அவருக்கே அது முதலில் வரும். அவர் எதுவும் செய்யாமல் விட்டால் எதிராளிக்குச் செல்லும். நிறைவேறக் காத்திருக்கும் மந்திரம் (ஆடப்பட்ட கார்டு) எதுவும் இல்லாத நிலையில் இருவரும் அடுத்தடுத்து விட்டுக்கொடுத்தால் அந்தப் படி முடிந்துவிடும், அதற்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. ஆடப்பட்ட மந்திரங்கள் ஸ்டாக் எனும் அடுக்கில் காத்திருக்கும், கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். ஒருவர் தம் 2/2 கிரியேச்சருக்கு (சண்டையிடும் உயிரினக் கார்டு; முதல் எண் அது தரும் சேதம், இரண்டாவது அதைக் கொல்லத் தேவையான சேதம்) ஜயன்ட் க்ரோத் எனும் வளர்ச்சி மந்திரத்தை ஆடி அதனை 5/5 ஆக்க முயலும்போது, எதிராளி அதற்கு மறுவினையாக லைட்னிங் போல்ட் ஆடினால், அதன் 3 சேதம் முதலில் நிறைவேறிக் கிரியேச்சர் இறந்துவிடும், வளர்ச்சி மந்திரம் இலக்கின்றி வீணாகும். இதையே மாற்றி, போல்ட்டுக்கு மறுவினையாக க்ரோத் ஆடப்பட்டால் கிரியேச்சர் பிழைத்துக்கொள்ளும்.

ஐந்து படிகளில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது முதற்படியான சண்டைத் தொடக்கம். அங்கே தானாக எதுவும் நிகழ்வதில்லை என்பதால் அதனைப் பெயரளவிலான படி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எதிராளியின் கிரியேச்சரை டேப் செய்து (பக்கவாட்டில் சாய்த்து, பயன்படுத்தப்பட்ட நிலைக்குக் கொண்டுவந்து), அது தாக்காமல் தடுக்க விரும்புபவருக்கு மிகச் சிறந்த தருணம் அதுதான். சண்டைக்கு முந்தைய, கிரியேச்சர்களை இறக்கும் முதன்மைக் கட்டத்திலேயே டேப் செய்துவிட்டால், எதிராளி அதைப் பார்த்துவிட்டு, வந்த முறையிலேயே தாக்க வல்ல ஹேஸ்ட் கிரியேச்சர் ஒன்றை இறக்கித் தாக்குவார். தாக்குவோர் அறிவிக்கப்பட்ட பின்னர் டேப் செய்தாலோ எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் தாக்கும் கிரியேச்சர் அறிவிப்பின்போதே பெரும்பாலும் டேப் ஆகிவிட்டிருக்கும், டேப் ஆகியிருப்பது அதன் தாக்குதலைக் கலைப்பதும் இல்லை. எதிராளியின் கிரியேச்சர்கள் அனைத்தையும் டேப் செய்யக்கூடிய கிரிப்டிக் கமாண்ட் கார்டைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சண்டைத் தொடக்கம் வரை கையிலேயே வைத்திருப்பது இதனால்தான்.

2016-இல் வெளிவந்த கலடேஷ் தொகுப்பில் வெஹிக்கிள் (வாகன) கார்டுகள் அறிமுகமான பிறகு இந்தப் படியின் முக்கியத்துவம் இருபுறமும் உணரப்பட்டது. வெஹிக்கிள் தாக்க வேண்டுமானால், தாக்குவோர் அறிவிப்புக்கு முன்பே தம் கிரியேச்சர்களை டேப் செய்து அதற்கு ஆளேற்றிக் கிரியேச்சராக மாற்றியிருக்க வேண்டும். "சண்டைக்குப் போகலாமா?" என்று கேட்டவுடன் நேராகத் தாக்குவோர் அறிவிப்புக்கே வந்துவிட்டதாகக் கொள்ளும் பழைய போட்டி வழக்கம், ஆளேற்ற நினைத்தவர்களின் வாய்ப்பைப் பறித்தது. 2017-இல் போட்டி விதி திருத்தப்பட்டது. இப்போது அந்தக் கேள்விக்கு எதிராளி ஏதேனும் ஆடினால், தொடக்கத்தில் தூண்டப்படும் திறன்களைப் பாதிக்கும் செயல் நீங்கலாக, அவர் சண்டைத் தொடக்கத்தில் ஆடியதாகவே கொள்ளப்படும். ஆகவே கேட்டவர் முதன்மைக் கட்டத்துக்குத் திரும்பிப் புதிய கிரியேச்சரை இறக்க முடியாது. எதிராளி எதுவும் ஆடாவிட்டால், கேட்டவர் சண்டைத் தொடக்கத்தில் பிரியாரிட்டியுடன் நிற்கிறார், வெஹிக்கிளுக்கு ஆளேற்றலாம். இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு இது என்பது என் கருத்து.

தாக்குவோர் அறிவிக்கப்பட்டபின் வரும் வாய்ப்பு, தடுப்பைப் பாதிக்க விரும்புபவருக்கான கடைசி வாய்ப்பு. தடுக்கக்கூடிய கிரியேச்சரை டேப் செய்வதாயினும், அழிப்பதாயினும், தம் தாக்கும் கிரியேச்சருக்குப் பறக்கும் திறன் கொடுப்பதாயினும் இங்கேயே செய்துவிட வேண்டும். எதிர்த்தரப்பும் திடீரென இறக்கக்கூடிய ஃப்ளாஷ் கிரியேச்சரைத் தடுப்புக்குப் பயன்படுத்த நினைத்தால் இங்கேயே இறக்கியாக வேண்டும். "தடுப்பு இல்லை என்றால் இதை ஆடுவேன், தடுத்தால் அதை ஆடுவேன்" என்று காத்திருந்து, தடுப்பு அறிவிக்கப்பட்டதும் தடுப்பவரை டேப் செய்ய முயல்பவரிடம், நேரம் கடந்துவிட்டது என்று சொல்வதைத் தவிர நடுவருக்கு வேறு வழியில்லை.

யார் தடுக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் பறத்தல், மெனஸ் (ஒரே கிரியேச்சரால் தடுக்க முடியாமை) போன்ற திறன்கள் தடுப்பு முறையானதா என்று பார்க்கும் அந்த ஒரே நொடியில்தான் ஆராயப்படுகின்றன. தடுப்பு ஏற்கப்பட்டுவிட்டால், அதன்பின் தாக்குபவருக்குப் பறக்கும் திறன் கிடைத்தாலும் தடுப்பு விலகாது. தடுத்த கிரியேச்சரைக் கொன்றாலும், கைக்குத் திருப்பினாலும், தாக்குபவர் தடுக்கப்பட்டவராகவே இருப்பார், ஆட்டக்காரருக்குச் சேதம் போய்ச் சேராது. புதியவர்கள் ஏற்க மிகவும் தயங்கும் விதி இதுதான். எதிரே யாரும் இல்லாதபோது அடி ஏன் விழாது என்று அவர்கள் கேட்பது இயல்பான கேள்வியே. விதி பார்ப்பது தற்போது எதிரே யார் நிற்கிறார் என்பதையல்ல, தடுப்பு நிகழ்ந்ததா என்பதை. ட்ராம்பிள் (தடுத்தவரைக் கொன்று மிஞ்சும் சேதத்தை ஆட்டக்காரருக்குத் தரும் திறன்) உள்ள தாக்குபவர் மட்டும் இதற்கு விலக்கு. தடுத்தவர் எல்லாரும் போய்விட்டால் முழுச் சேதத்தையும் அவர் ஆட்டக்காரருக்கே தரலாம். தடுத்தபின் டேப் செய்யப்பட்ட கிரியேச்சரும் வழக்கம்போல் சேதம் தரும். தொடக்க ஆண்டுகளில் இது வேறாக இருந்ததால், நெடுங்காலம் கழித்து ஆட்டத்துக்குத் திரும்புபவர்கள் இங்கே இடறுகிறார்கள்.

சேதப் படியின் விதிகள் மும்முறை பெரிதாக மாறியிருக்கின்றன, பழைய கட்டுரைகளைப் படித்துக் கற்பவர்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1999-இல் ஆறாம் பதிப்புடன் வந்த விதிகளின்படி சண்டைச் சேதமும் ஸ்டாக்கில் காத்திருந்தது. மாக் ஃபனாட்டிக் போன்ற 1/1 கிரியேச்சர், தன் 1 சேதத்தை ஸ்டாக்கில் வைத்துவிட்டு, தன்னையே பலியிட்டு இன்னொரு 1 சேதமும் தர முடிந்தது. 2009-இல் மேஜிக் 2010 தொகுப்புடன் அது நீக்கப்பட்டது. இன்று சேதம் ஒரே நேரத்தில் உடனடியாக நிகழ்கிறது, சேதத்துக்கும் சாவுக்கும் இடையில் யாரும் எதுவும் ஆட இயலாது. ஃபனாட்டிக்கின் உரிமையாளர் அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே 2009 மாற்றத்தில், ஒரு கிரியேச்சரைப் பலர் தடுத்தால், தாக்குபவர் அவர்களைத் தடுப்பு அறிவிக்கப்பட்டதுமே வரிசைப்படுத்தி, முன்னிருப்பவருக்குச் சாகுமளவு சேதம் ஒதுக்கிய பின்னரே அடுத்தவருக்குச் செல்ல வேண்டும் என்ற விதியும் வந்தது. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்புடன் அந்த வரிசை கைவிடப்பட்டது. இதன் விளைவு சிறியதல்ல. 5/5 தாக்குபவரை இரண்டு 3/3 கிரியேச்சர்கள் தடுக்கின்றன என்று கொள்வோம். முன்பு வரிசை தெரிந்த பிறகு, முதலில் நிற்பதற்கு ஜயன்ட் க்ரோத் கொடுத்து 6/6 ஆக்கினால், ஐந்து சேதமும் அதன்மேலேயே செலவாகி, இரண்டும் பிழைத்துவிடும். இப்போது தாக்குபவர் சேதம் நிகழும் கணத்தில்தான் பங்கிடுகிறார். வளர்ந்ததை விட்டுவிட்டு மற்றதைக் கொன்றுவிடுவார். இரண்டையும் ஒரே மந்திரத்தால் காக்கலாம் என்று பழைய கணக்கில் பலர் தடுப்பதை இன்றும் காண்கிறேன்.

ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (மற்றவற்றுக்கு முன் அடிக்கும் திறன்) அல்லது டபுள் ஸ்ட்ரைக் (முன்பும் பின்பும் இருமுறை அடிக்கும் திறன்) உள்ள ஒரு கிரியேச்சராவது சண்டையில் இருந்தால் சேதப் படி இரண்டாகும், இடையிலும் இருவருக்கும் வாய்ப்பு வரும். முதற்சேதத்துக்குப் பிறகு சாதாரணக் கிரியேச்சருக்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் கொடுப்பது எதையும் மாற்றாது, அது இரண்டாம் படியில் வழக்கம்போல் அடிக்கும். முதலில் அடித்துவிட்ட கிரியேச்சரிடமிருந்து ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கைப் பறித்தாலும் அது மறுபடி அடிக்காது. அதற்கு இடைவெளியில் டபுள் ஸ்ட்ரைக் கொடுத்தால் மட்டும் மீண்டும் அடிக்கும்.

போட்டிக்கு வருபவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. கணினியில் ஆடும் மேஜிக் அரீனாவில் பழகியவர்களுக்குக் கணினியே படிகளைக் கடத்திவிடும், நிற்க விரும்பும் படியை அவர்களே குறித்து வைக்க வேண்டும். மேசையில் அந்தக் குறி உங்கள் வாய்ச்சொல்தான். கார்டை வைக்கும் முன் "சண்டைத் தொடக்கத்தில்" என்றோ "தடுப்புக்கு முன்" என்றோ சொல்லுங்கள். எதிராளி அவசரமாகத் தன் கிரியேச்சர்களைச் சாய்த்துவிட்டால், நீங்கள் முந்தைய படியில் செயல்பட விரும்பியதை அக்கணமே தெரிவியுங்கள். ஒப்பாவிட்டால் அடுத்த கார்டைத் தொடாமல் நடுவரை அழையுங்கள், ஏனெனில் தடுப்பு அறிவிக்கப்பட்டு, கைக்கார்டுகள் வெளிப்பட்ட பிறகு, ஆட்டத்தைப் பின்னோக்கி நகர்த்த எங்களுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு.