பெயாரிங் வண்டியைக் கண்டுபிடித்தவர் யார்?

பள்ளிக்கூட லீவு நாளில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட இறக்கங்களில் ஒரு 'கர்ர்ர்' சத்தம் கேட்கும். பிள்ளைகள் உட்கார்ந்து இறங்கும் பெயாரிங் வண்டி அது. மூன்று பெயாரிங் (இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் உருப்படி), ஒரு பலகை, ஒரு போல்ட். எஞ்சின் கிடையாது. இதை முதலில் செய்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆளைப் பிடிக்க முடியாது, காலத்தைப் பிடிக்கலாம்.

வண்டி அச்சில் குண்டுகளை உருளவிடும் யோசனைக்கு வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வோன் 1794இல் காப்புரிமை பெற்றார். இன்று லொறியிலும் மோட்டாரிலும் இருக்கும் பெயாரிங்கின் வடிவம் 1900களின் தொடக்கத்தில் ராபர்ட் கொன்ராட் காப்புரிமை எடுத்தது. அது மலைக்கு ஏறி, ஓடித் தேய்ந்து, கராஜ் மூலையில் விழுந்த பிறகுதானே பிள்ளைகள் கைக்கு வந்திருக்கும்? ஆக, நம்ம ஆள் இருபதாம் நூற்றாண்டுக்காரர்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. பெயாரிங்கின் வெளிவளையத்தை ஓர் இரும்புக் கூட்டுக்குள் இறுக்கிப் பூட்டுவதுதான் வழக்கம். அவர் கூட்டை விட்டுவிட்டு வெளிவளையத்தையே சில்லாக்கினார். வண்டியின் வேகமும் கோளாறும் இரண்டும் இதிலிருந்துதான் வருகின்றன.

6205 என்று எண் பொறித்த பெயாரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்துளை 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15, உள்ளே 9 குண்டுகள். 15 மீற்றருக்கு 1 மீற்றர் தாழும் சரிவில் 100 மீற்றர் இறங்கினால், உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தும், வேகம் மணிக்கு 34 கிலோமீற்றரைத் தொடும். அப்போது சில்லு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,500 சுற்று சுற்றும். பெயாரிங்குக்கு இது பெரிய வேகமே இல்லை. ஆளும் வண்டியுமாக 50 கிலோ என்பதும் அதற்குச் சுமையல்ல.

சங்கடம் கல்லில் இருக்கிறது. சில்லின் ஆரம் 26 மில்லிமீற்றர்தான். 13 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு சரளைக்கல்லில் ஏற, அந்தச் சில்லின் மேலுள்ள எடையைப்போல் 1.7 மடங்கு விசை முன்னோக்கித் தள்ள வேண்டும். சைக்கிள் சில்லுக்கு அதே கல்லில் 0.3 மடங்கு போதும். அதனால்தான் வண்டி நின்றுவிடுகிறது, ஓட்டுபவர் மட்டும் பயணத்தைத் தொடர்கிறார். கூடு இல்லாத வெளிவளையம் கடினமான, நொறுங்கும் எஃகு; ஒரே புள்ளியில் அடி வாங்கினால் விரிசல் விடும். கொன்ராட் வடிவத்தில் குண்டுகளை ஒருபக்கம் ஒதுக்கி வளையங்களைக் கோர்த்து, பிறகு பரப்பி, இடைவெளியைத் தகட்டுச் சட்டத்தால் பூட்டுவார்கள். மழைத்தண்ணீரில் அந்தத் தகடு துருப்பிடித்து அறுந்தால் குண்டுகள் மறுபடி ஒதுங்கும். ஓட்டத்திலேயே சில்லு பிரிந்துவிடும். தகடு ஆடுகிறதா என்று ஆணியால் நெம்பிப் பார்ப்பது நல்லது.

அச்சுக்கு நன்றாகக் காய்ந்த யூகலிப்டஸ் கட்டை. பச்சைக்கட்டை காயும்போது சுருங்கும், உள்வளையம் வழுக்கும். முனையை 25 மில்லிமீற்றருக்கு ஒரு மயிரிழை தடிப்பாகச் செதுக்கி, உள்வளையத்தில் மட்டும் தட்டி ஏற்ற வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் தடத்தில் பள்ளம் விழும். பிறகு முனையைப் பிளந்து ஆப்பு. பெயாரிங்கை ஒட்டிப் போடும் வொஷர் பெரிதாகி வெளிவளையத்தில் உரசினால் வண்டி இழுக்கும்.

முன்பலகையைத் திருப்பும் போல்டுக்கு நேர் கீழே அச்சை வைப்பவர்கள்தான் அதிகம். வேகத்தில் கைப்பிடி தானாகப் பக்கம் இழுக்கும். அச்சை போல்டுக்கு 3 சென்ரிமீற்றர் பின்னால் தள்ளினால் சில்லு தானே நேராகும்.

பிரேக்கைச் சில்லில் வைத்துப் பயனில்லை. எஃகு தாரில் சறுக்கும், நனைந்தால் இன்னும் மோசம். பழைய டயர்த்துண்டை நெம்புகட்டையில் அடித்து ரோட்டிலேயே அழுத்த வேண்டும். 20 கிலோ அழுத்தத்தில், அதே சரிவில், 34 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கக் காய்ந்த ரோட்டில் 20 மீற்றர் ஆகும். பனி இறங்கி ரோடு நனைந்திருந்தால் 40. இறக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்வளைவிலிருந்து மேல்நோக்கி அந்த 40 மீற்றரை அளந்து, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.