விடத் தெரிந்த காந்தம்

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டியின் குணம் அத்துப்படி. பச்சைப் பட்டனை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், மோட்டார் ஓடும். சிவப்பை அழுத்தினால் இன்னொரு ‘டக்’, நின்றுவிடும். முதலாவது, உள்ளே இருக்கும் மின்காந்தம் பிடித்த சத்தம். இரண்டாவது, விட்ட சத்தம். இரும்பைப் பிடித்து வைக்கச் சாதாரணக் காந்தமே போதும். மின்காந்தத்தின் அருமை, சொன்னதும் விட்டுவிடுவதில்தான் இருக்கிறது.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்று 1820-இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் கண்டார். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் ஒன்று சேரும். நடுவில் இரும்பை வைத்தால் பல மடங்கு கூடும். 1825-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், லாடமாக வளைத்த சுமார் 200 கிராம் இரும்பில் 18 சுற்று சுற்றி 4 கிலோ எடையைத் தூக்கிக் காட்டினார். அவர் சுற்றியது வெறுங்கம்பி. சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்குப் பட்டு உறை போட்டு அடுக்கடுக்காகச் சுற்றினார். 1831-இல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. இன்று மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பிமேல் மினுங்குகிற பூச்சு, அந்தப் பட்டின் வேலையைத்தான் செய்கிறது.

நடுவில் வைப்பது எஃகாக இருந்தால் மின்சாரம் நின்ற பிறகும் காந்தமாகவே கிடக்கும். அதனால்தான் தேனிரும்பு, அல்லது சிலிக்கான் கலந்த மெல்லிய தகடுகளின் அடுக்கு.

சரி, பெட்டியைத் திறப்போம். பச்சைப் பட்டன் மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுப்பதில்லை, மின்காந்தத்தின் சுருளான காயிலுக்குத்தான் கொடுக்கிறது. காயில் இரும்புக் கட்டையை இழுக்க, அதோடு சேர்ந்த மூன்று பாயிண்டுகள் மூன்று ஃபேஸையும் இணைக்கின்றன. விரலை எடுத்தபின்னும் காயிலுக்கு மின்சாரம் போக, கூடவே ஒரு சின்னப் பாயிண்ட் சேர்ந்துகொள்கிறது. கரண்ட் போனால் ஸ்பிரிங் கட்டையைத் தள்ளிவிடும். கரண்ட் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது. பாதுகாப்புக்கான இந்த ஏற்பாடு, நடுராத்திரி வரும் மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருப்பவருக்குத் தொல்லை. அதற்காகவே ஆட்டோ சுவிட்ச் மாட்டிக்கொள்கிறார்கள்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. அந்தந்தக் கணம் காந்தத்தின் பிடியும் தளரும், கட்டை அதிரும். இதைத் தடுக்கக் காந்த முகத்தில் ஒரு செம்பு வளையம் பதித்திருப்பார்கள். அதில் தூண்டப்படும் மின்னோட்டம் சற்றுப் பிந்திய இன்னொரு புலத்தை உண்டாக்குவதால், ஒன்று தளரும்போது மற்றது பிடித்துக்கொள்கிறது. வளையம் உடைந்தாலோ, முகத்தில் துருவோ செத்த எறும்போ சிக்கினாலோ, பெட்டி கருவண்டு மாதிரி ரீங்காரமிடும். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இரும்பு முழுசாக ஒட்டாதவரை காயில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், சூடாகிக் கருகும். குறைந்த வோல்டேஜில் காயில் எரிவதும் இதனால்தான்: இழுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல்.

பழைய ஸ்டார்ட்டரில் எதிர்க்கோளாறும் உண்டு. மின்காந்த இரும்பின் மூன்று கால்களில் நடுக்காலுக்கு வேண்டுமென்றே விட்ட மெல்லிய இடைவெளி தேய்ந்து மறைந்துவிட்டால், மின்சாரம் நின்றபின்னும் இரும்பில் மிஞ்சும் காந்தமே கட்டையைப் பிடித்துவைக்கும். சிவப்பை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

அழைப்பு மணி, இன்வெர்ட்டர் ரிலே, பழைய இரும்பு அள்ளும் கிரேன் எல்லாம் இதே கதைதான். லிஃப்டில் மட்டும் தலைகீழ். அங்கே பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், மின்காந்தம் அதை விலக்கி வைத்திருக்கிறது. கரண்ட் போனால் பிரேக் தானாக விழும்.

மதுரை மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ ஸ்கேனில் இருப்பதும் பெரும்பாலும் மின்காந்தமே. ஆனால் அது விடாத வகை. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்ந்த சுருளில் மின்தடையே இல்லை. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அந்த அறைக்குள் இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.