வங்கி பிழைக்கும், உங்கள் பங்கு பிழைக்குமா?

கோத்தகிரியில் வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல எனக்கு உரிமம் கிடையாது. ஆனால் வாங்கி நட்டப்பட்டவர்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். போன வாரம் இன்னொருவர், பச்சைத் தேயிலை போட்டுச் சேர்த்த பணத்தோடு. "நானூறுல இருந்தது சார், அறுபதுக்கு வந்துருச்சு. இதுக்கு மேல எங்க இறங்கும்?"

முப்பதுக்கு இறங்கும். போட்டதில் பாதி போகும். அது முன்பு நானூறு ரூபாய்க்கு விற்றது உங்கள் பணத்துக்குத் தெரியாது.

அடுத்து சொன்னதுதான் எனக்கு எரிச்சல்: "பெரிய கம்பெனி, கவர்மெண்ட் விடாது." சரி, விடாது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியையும் விடவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாதமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணைய அனுமதி மறுத்தது. அப்போதும் 'மலிவு' என்று வாங்கினார்கள். 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியுடன் இணைத்தாயிற்று. டெபாசிட் போட்டவர்களுக்குப் பைசா குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு? மூலதனம் முழுவதும் தள்ளுபடி, கையில் பூஜ்யம். வங்கியைக் காப்பாற்றுவது வேறு, பங்குதாரரைக் காப்பாற்றுவது வேறு. இரண்டாவதை யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

கெட்ட செய்தியில் வாங்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 2015 ஜூனில் மேகிக்குத் தடை வந்தபோது நெஸ்லே பங்கும் விழுந்தது. அடிபட்டது ஒரு சரக்கு. காபியும் பால்பொருளும் விற்றுக்கொண்டுதான் இருந்தன. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. அடி சரக்குக்கா, கணக்குப் புத்தகத்துக்கா என்று பாருங்கள். மண் சரிந்த மனையைப் பாதி விலைக்குக் கொடுத்தால் மேட்டையும் ஓடையையும் பார்க்காமல் நம் ஊரில் யாராவது முன்பணம் கொடுப்பார்களா?

கடன் எவ்வளவு என்று பாருங்கள். நிறுவனர்கள் தங்கள் பங்கை எவ்வளவு அடகு வைத்திருக்கிறார்கள் என்பது பங்குச்சந்தை இணையதளத்திலேயே இருக்கிறது, இலவசம். ஆடிட்டர் பாதியில் விலகினாரா? அப்படியானால் தொடாதீர்கள். (நாங்கள் சும்மா விலகுவதில்லை.) லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதித்த கடைசி விலையில், மாட்டினால் விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

ஆவரேஜ் பண்ணுகிறேன் என்று இறங்க இறங்க வாங்குகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: அதற்காக வீட்டம்மாவின் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.