கடித்த நாணயமும் எதிர் விளிம்பும்

பாலக்கோடு தக்காளி மண்டியில் வாங்கிய சில்லறையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று விசித்திரமாக இருந்ததாம். படம் எடுத்து அனுப்பியிருந்தார் வாசகர் ஒருவர். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம், எலி கடித்ததுபோல. "சார், இது அடிக்கும்போதே வந்த பிழையா, யாராவது அரத்தால் ராவினதா?"

பள்ளத்தை விடுங்கள், அதற்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைப் படம் எடுங்கள் என்றேன். காரணம் இதுதான்.

நாணயச்சாலையில் நீளத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே கத்தி இறங்கும். வில்லையில் பிறையளவு குறையும். இது எளிது. அழகு அடுத்த படியில்தான் இருக்கிறது.

வில்லைக்கு விளிம்பு மேடு வேண்டும். அதற்காக, சுழலும் சக்கரத்துக்கும் அசையாத சுவருக்கும் நடுவே அதை உருட்டி நெருக்குவார்கள். இடைவெளி வில்லையின் விட்டத்தைவிடச் சற்றே குறைவு. நம்ம ஊரில் களி உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கை அழுத்த, மறு கை எதிர்த்து நிற்க வேண்டும். வில்லையின் பள்ளம் சுவர்ப் பக்கம் வரும்போது அங்கே தாங்க ஒன்றுமில்லை. அதனால் எதிர்ப்பக்கத்தில் சக்கரம் சும்மா தடவிவிட்டுப் போகும். அந்த இடத்தில் மேடு எழும்பாது. ஆக, உண்மையான பிழையில் பள்ளத்துக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருக்கும். பள்ளம் சிறியதென்றால் லென்ஸ் வைத்துத் தேட வேண்டும்.

அரம் போட்டவருக்கு இது தெரியாது. அவர் கை வைத்தது அடித்து முடித்த நாணயத்தில். எதிர் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். பள்ளத்தின் ஓரத்து எழுத்துகளும் கத்தியால் நறுக்கியதுபோலப் பாதியில் நிற்கும். பிழை நாணயத்தில் அப்படி இல்லை. அச்சு அழுத்தும்போது உலோகம் காலியான பக்கம் வழிவதால், எழுத்துகள் இழுபட்டு மங்கும்.

நிறம் மாற்றி ஏமாற்றுவது இன்னும் சுலபம். பித்தளை நிற ஐந்து ரூபாயைப் புளித் தண்ணீரில் ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் தட்டும். அதைத்தான் 'செம்பில் அடித்த அபூர்வ நாணயம்' என்று வீடியோ போட்டு விற்கிறார்கள். வைஷ்ணோ தேவி உருவத்தோடு 2012 என்று ஆண்டு பொறித்த நாணயத்தையும் லட்சம் பெறும் என்று பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். அது பிழையே இல்லை, முறையாக வெளியிட்டது. பழைய நாணயம் வாங்குகிறோம் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. இந்த வீடியோக்களுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மறுநாள் வாசகரின் இரண்டாவது படம் வந்தது. கூடவே ஒரு வரி: "எதிர்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு சார். அதனால மதிப்பு குறைஞ்சிடுமா?"