60 பெயர், ஒரு பந்தி: பேஸ்புக் விளம்பரமும் மின்னஞ்சலும் வேலை செய்யும் விதம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணக் கேட்டரிங் நடத்தும் ஒருவர் பேஸ்புக் விளம்பரத்தில் 1,000 ரிங்கிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் படிவம் நிரப்புகிறார்கள். கூப்பிட்டால் பாதிப் பேர் போனை எடுப்பதில்லை. எடுத்தவர்களில் பலர், "நானா? எப்ப நிரப்பினேன்?" என்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு ஆர்டர். "பேஸ்புக்ல போட்டா காசு வேஸ்ட்டு" என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் யாருக்கு விளம்பரம் காட்டுவது என்று முடிவு செய்யும் பேஸ்புக்கின் இயந்திரம் தன்னிடம் சொன்னதைத்தான் செய்தது. படிவம் நிரப்பக்கூடியவர்களைத் தேடச் சொன்னார்கள், தேடிக் கொடுத்துவிட்டது. விருந்துக்கு ஆர்டர் தரக்கூடியவர்களைத் தேடு என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வழி இருக்கிறது. மின்னஞ்சல் இல்லாமல் அந்த வழி முழுமையாகாது.

முதலில் ஏலம். ஒருவர் கைப்பேசியில் பேஸ்புக்கையோ இன்ஸ்டாகிராமையோ தள்ளிக்கொண்டே போகும்போது, விளம்பரம் வரவேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் கண்ணிமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. அதிகப் பணம் சொன்னவருக்கே இடம் என்பதில்லை. ஒரு லீட்டுக்கு, அதாவது படிவம் நிரப்பிய ஒரு பெயருக்கு, நீங்கள் எவ்வளவு தரத் தயார் என்பதை, இந்த ஆள் படிவத்தை நிரப்ப எவ்வளவு வாய்ப்பு என்பதால் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பெருக்குகிறது. அதோடு விளம்பரத்தின் தரத்துக்கு ஒரு மதிப்பைக் கூட்டுகிறது. லீட்டுக்கு 15 ரிங்கிட் தர ஒருவர் தயார், அவருடைய விளம்பரத்துக்கு வாய்ப்பு 0.2 விழுக்காடு என்றால் ஆயிரம் காட்சிக்கு மதிப்பு 30 ரிங்கிட். 10 ரிங்கிட்தான் தருவேன் என்கிற இன்னொருவருக்கு வாய்ப்பு 0.4 விழுக்காடு என்றால் 40 ரிங்கிட். தரம் சமமாக இருந்தால் குறைவாகக் கேட்டவருக்கே இடம்.

சிக்கல் அந்த 'வாய்ப்பு' என்ற எண்ணில்தான் இருக்கிறது. ஒருவரின் பழைய நடத்தையை வைத்து இயந்திரம் போடும் கணிப்பு அது. கண்ணில் பட்ட படிவத்தையெல்லாம் நிரப்பும் பழக்கம் உள்ளவருக்கு அந்த எண் தானாகவே உயரும். அவர் வீட்டில் கல்யாணம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கிலேயே வராது.

இந்தக் கணிப்பு துல்லியமாக, இயந்திரத்துக்குப் படிக்கப் பாடம் வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு (ஒரே வகை ஆட்களைக் குறிவைத்து ஓடும் விளம்பரங்களுக்கு) ஏழு நாளில் சுமார் 50 லீட் கிடைத்தால்தான் 'கற்கும் கட்டம்' முடியும் என்று மெட்டா சொல்கிறது. லீட் ஒன்று 15 ரிங்கிட் என்றால் வாரத்துக்கு 750. மலேசியாவில் வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு சேவை வரி உண்டு; அதையும் சேர்த்தால் 810. கையில் 300 ரிங்கிட் வைத்துக்கொண்டு, அதை பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், கோலாலம்பூர், கிள்ளான் என்று நான்கு தொகுப்பாகப் பிரிப்பவர்கள் நிறைய. தொகுப்புக்கு ஐந்து லீட்தான் தேறும், எதுவும் கற்காது. பணம் குறைவு என்றால் ஒரே தொகுப்பு போதும், அதையும் தினம் தினம் நோண்டக்கூடாது. படத்தையோ இலக்கையோ மாற்றினால், பட்ஜெட்டைத் தடாலென்று ஏற்றினால், கற்றல் முதலிலிருந்து தொடங்கும். நவம்பர் 11, டிசம்பர் 12 (11.11, 12.12) தள்ளுபடி நாட்களில் பெரிய வணிகத் தளங்கள் எல்லாம் ஒரே ஏலத்தில் குதிக்கும் என்பதால் அந்த வாரங்களை விட்டுவிடலாம். ஆடி மாதம் வேறு கதை. அப்போது கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணிக்கு மண்டபமும் சமையலும் தேடுகிறவர்கள் இருப்பார்கள்.

இடத்தைக் குறிப்பதில் பினாங்குக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர் வரைபடத்தில் ஊசியைக் குத்தி 8 கிலோமீட்டர் வட்டம் போடுகிறார். வட்டத்துக்குக் கடல் தெரியாது. நீரிணையைத் தாண்டி பட்டர்வொர்த்தும் உள்ளே வந்துவிடும். நேர்க்கோட்டில் பக்கம்தான், ஆனால் பெர்ரி இப்போது கார்களை ஏற்றுவதில்லை. சட்டி பானையோடு லாரி போக வேண்டுமானால் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். அக்கரை ஆர்டர் வேண்டாம் என்றால் அங்கே இன்னோர் ஊசி குத்தி விலக்கிவிடுங்கள். மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் கையைச் சுடும். வீட்டில் தமிழ் பேசினாலும் பேஸ்புக்கை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். வட்டத்தை அகலமாக விட்டு, விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள். படிக்கத் தெரிந்தவர் நின்று பார்ப்பார், மற்றவர் தள்ளிவிட்டுப் போவார், அந்த வித்தியாசத்தை இயந்திரம் கவனித்துக்கொள்ளும்.

அடுத்தது படிவம். பேஸ்புக்கின் உடனடிப் படிவம், பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் மூன்றையும் பயனர் கணக்கிலிருந்து தானே நிரப்பித் தருகிறது. இரண்டு தட்டு, வேலை முடிந்தது. 'எப்ப நிரப்பினேன்' என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கி மறந்துபோன யாஹூ முகவரி வந்து விழுவதும் இதனால்தான். படிவ வகையில் 'கூடுதல் எண்ணிக்கை', 'கூடுதல் நாட்டம்' என்ற பொருளில் இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதில், அனுப்புவதற்கு முன் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு திரை கூடுதலாக வரும். அதையே எடுங்கள். கூடவே கையால் தட்டியே ஆகவேண்டிய இரண்டு கேள்விகள்: கல்யாணம் எந்த மாதம், எத்தனை பேர். லீட் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். 60 பெயருக்குப் பதில் 25 வந்து, அதில் மூன்று ஆர்டர் ஆனால் ஓர் ஆர்டருக்கு ஆன செலவு 1,000 ரிங்கிட்டிலிருந்து 333 ஆகிவிடுகிறது. லீட்டின் விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படுவதேயில்லை.

படிவத்தில் தனியுரிமை அறிக்கைக்கு இணைப்பு கொடுக்காவிட்டால் மெட்டா விடாது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அந்த அறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. தமிழில் மட்டும் வைத்தால் போதாது. விளம்பரச் செய்தி வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

இனி மின்னஞ்சல். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். பேச வாட்ஸ்அப் நல்லது. ஆனால் விலைப்பட்டியலை அப்பா, அம்மா, சம்பந்தி எல்லாரும் வைத்துப் பார்த்து மூன்று மாதம் யோசிக்கும் விஷயத்துக்கு, தேடினால் கிடைக்கும் மின்னஞ்சல்தான் சரி. முதல் கடிதம் படிவம் வந்த சில நிமிடங்களுக்குள் தானாகப் போகவேண்டும். வாரத்துக்கொரு முறை பட்டியலை இறக்கி அனுப்பினால், அதற்குள் அவர் உங்களை மறந்திருப்பார். இப்படி எழுதலாம்:

"வணக்கம். இன்று பேஸ்புக்கில் எங்கள் வாழையிலை விருந்து விளம்பரத்தில் உங்கள் விவரத்தைப் பதிந்திருந்தீர்கள். 300 பேருக்கான சாப்பாட்டுப் பட்டியலும் ஆளுக்கு என்ன விலை என்பதும் கீழே. ஒரே ஒரு கேள்வி: முழுச் சைவமா, கலந்தா? ஒரு வார்த்தையில் பதில் போட்டால் போதும்."

அந்தக் கேள்வி மரியாதைக்காகக் கேட்பது மட்டுமல்ல. கடிதத்தைத் திறந்தாரா என்ற புள்ளிவிவரத்தை இப்போது நம்ப முடியாது. கடிதத்துக்குள் ஒளித்து வைத்த, ஒரே ஒரு புள்ளி (பிக்சல்) அளவுள்ள படம் இறக்கப்பட்டால் 'திறந்தார்' என்று கணக்கு. ஆப்பிள் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, யாரும் திறக்காமலேயே அந்தப் படத்தைத் தானே இறக்கிவிடுகிறது. சொடுக்குகளையும் சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் தாமே செய்துவிடுகின்றன. 'கலந்து' என்று ஒரு பதில் வந்தால் அதை எழுதியவர் ஓர் ஆள்.

இரண்டாவது கடிதம் இரண்டு நாள் கழித்து: விலையில் எது சேரும், எது சேராது, பரிமாறும் ஆட்கள், போக்குவரத்து, வெளிச் சமையலை மண்டபம் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கவேண்டிய கேள்வி. மூன்றாவது ஆறாம் நாள், ருசி பார்க்க அழைப்பு. அதற்கு மேல் நாளைக் கணக்கிடுவது படிவத் தேதியிலிருந்து அல்ல, கல்யாண மாதத்திலிருந்து. ஆவணியில் கல்யாணம் என்றவருக்குச் சித்திரைக் கடைசியில் ஒன்று, ஆனியில் ஒன்று. பதில் போட்டவுடன் தானியங்கிக் கடிதங்கள் நிற்கும்படி அமைக்கவேண்டும். இதை மறந்துவிட்டு, முன்பணம் கட்டியவருக்கே "இன்னும் யோசிக்கிறீர்களா?" என்று அனுப்பிக் கெட்டபெயர் வாங்குபவர்கள் உண்டு.

கடிதம் இன்பாக்ஸுக்குப் போகிறதா, ஸ்பேமுக்கா என்பது எழுத்து நடையைவிட உங்கள் டொமைனை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரைப் பொறுத்தது. எஸ்பிஎஃப், இந்த டொமைன் பெயரில் எந்தச் சேவையகங்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகேஐஎம், வழியில் கடிதம் மாற்றப்படவில்லை என்பதற்கான மின்னியல் கையொப்பம். இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். சிறு கடையும் செய்துவைப்பது நல்லது. வழக்கமான தவறு, புதிய மின்னஞ்சல் சேவையில் சேரும்போது இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் வரியைச் சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். 200 பேருக்கு அனுப்பி ஒருவர் புகார் செய்தாலே 0.5 ஆகிவிடும்.

தமிழில் அனுப்புவதற்கென்றே ஒரு கணக்கு உண்டு. 'கல்யாணம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் எட்டுக் குறியீடு, அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்றாக 24 பைட். தலைப்பு வரியைத் துண்டு துண்டாகக் குறியாக்கி அனுப்பவேண்டும், ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக்கூடாது என்பது விதி. பைட்டுகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் பேஸ்64 முறையில் அது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடு. இடைவெளியும் எண்ணும் ஒரு பைட்தான் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு 45 பைட்டில் வெட்டும் மட்டமான நிரல் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். தலைப்பில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருவது அப்போதுதான். கடிதத்தின் உடல் பகுதி சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைக்கும். 'இனி வேண்டாம்' என்ற இணைப்பு அடியில்தான் இருக்கும், அதுவும் சேர்ந்து மறையும். அதைக் காணாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

இத்தனையும் செய்து பதில் போட்டவர், ருசி பார்க்க வந்தவர், முன்பணம் கட்டியவர் என்று பிரித்தாயிற்று. இந்தத் தகவல் உங்கள் நோட்டிலேயே கிடந்தால் விளம்பர இயந்திரம் பழையபடி படிவப் பிரியர்களையே பிடித்துத் தரும். உங்கள் பதிவுகளை மெட்டாவுக்கு அனுப்பும் இணைப்பான கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ வழியாக, இந்த எண்ணுள்ள லீட் இந்தப் படிக்கு வந்துவிட்டார் என்று திருப்பி அனுப்பலாம். படிவத்தைவிட்டு அந்தப் படியையே இலக்காக வைக்கலாம். லீட் வந்து 28 நாளுக்குள் நடக்கிற படியாக அது இருக்கவேண்டும். முன்பணம் மூன்று மாதம் கழித்து வரும் என்பதால் ருசி பார்க்க வந்ததையே அனுப்புங்கள். மின்னஞ்சல் தொடரை இறுக்கமாக அமைப்பதன் உண்மையான பலன் இது.

இங்கே கவிழ்ப்பவை சின்ன விஷயங்கள். ஒவ்வொரு லீட்டுக்கும் மெட்டா தரும் லீட் எண் 17 இலக்கம் வரை நீளும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். எண் மாறினால் ஆளும் பொருந்தாது. அந்தக் கட்டத்தை முதலிலேயே 'உரை' என்று மாற்றுங்கள். தொலைபேசி எண்களைச் சொந்தமாக எஸ்எச்ஏ-256 ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) அனுப்புபவர்கள் முன்னால் உள்ள 0-ஐ எடுத்துவிட்டு 60 போட்டபிறகே செய்யவேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறும், 'கிட்டத்தட்டப் பொருந்தியது' என்ற பேச்சே கிடையாது. மின்னஞ்சலுக்கும் அப்படியே: சிறிய எழுத்து, முன்பின் இடைவெளி இல்லாமல்.

முன்பணம் கட்டியவர்கள் பட்டியலை விலக்குப் பட்டியலாகவும் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் முழு விலைக்கு ஒப்புக்கொண்டவரின் திரையிலேயே உங்கள் 10 விழுக்காடு தள்ளுபடி விளம்பரம் போய் நிற்கும், மறுநாள் காலை, "என்னண்ணே, எங்களுக்கு மட்டும் அந்த விலை இல்லையா?" என்று போன் வரும்.